முழங்கால் உயரத்தில் ஒரு துளை

நான் பிறந்த வீட்டில் இரண்டு நாள் தங்குவதற்குக் கைப்பேசியில் முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் அந்த வீட்டை என் அண்ணன் மாணிக்கவேல் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு விற்றுவிட்டு, கோயம்புத்தூரில் தம் மகனோடு குடியேறிவிட்டார். வாங்கியவர் சென்னைக்காரர். கோயில் பார்க்கவும் பட்டு எடுக்கவும் வெளியூர்களிலிருந்து வருகிறவர்கள் தங்கும் விடுமுறை இல்லமாக அதை அவர் மாற்றியிருந்தார்.

அண்ணன் என்று எழுதினாலும் ஊரறிய அவர் எனக்குப் பெரியம்மா மகன். நான் பிறந்த எட்டாம் மாதத்தில் என்னை ஆரணியில் இருந்த என் தாயாரின் தங்கைக்குக் கொடுத்துவிட்டார்கள். அவருக்குப் பிள்ளை இல்லை. அவரையே நான் அம்மா என்று அழைத்து வளர்ந்தேன். என்னைப் பெற்ற தில்லையம்மாள் எனக்குப் பெரியம்மா ஆனார். தந்தையார் கலியாணசுந்தரம் பெரியப்பா ஆனார். மூத்தவள் அலமுவும் மாணிக்கவேலும் மட்டும் எந்த முறையில் பார்த்தாலும் எனக்கு அக்காவும் அண்ணனும்தான்.

ஆரணியில் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. படிக்க வைத்தார்கள், ஆசிரியர் வேலைக்குப் போனேன். ஆயினும் ஒரு கேள்வி என்னிடம் நாற்பது ஆண்டுகளாக இருந்தது. மூன்று பிள்ளைகளில் இரண்டை வைத்துக்கொண்டவர்கள் என்னை மட்டும் ஏன் கொடுத்தார்கள்? வறுமை என்றால், அந்த வீட்டில் தறி நின்ற நாள் கிடையாது. தங்கைக்குப் பிள்ளையில்லை என்ற இரக்கம் என்றால், பெரியம்மா என்னிடம் நடந்துகொண்ட விதம் அப்படி இல்லை.

பதினோரு வயதில் கோடை விடுமுறைக்கு ஒரு வாரம் அங்கே அனுப்பப்பட்டேன். முதல் நாள் மதியம் உண்ட களைப்பில் படுத்திருந்தேன். தொடையில் சுரீர் என்று வலித்தது. விழித்துப் பார்த்தால் பெரியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கிள்ளியது அவர்தான். ஒன்றும் சொல்லாமல் எழுந்து தறிக்குப் போய்விட்டார். நான் மறுபடி கண்ணயர்ந்தேன், மறுபடி கிள்ளினார். அன்று ஒரு மதியத்தில் மூன்று முறை. "பெரியம்மாவுக்கு என்னைப் பிடிக்கல, நான் இனிமே அங்க போகமாட்டேன்" என்று ஆரணிக்குத் திரும்பியதும் அழுதேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். ஏன் என்று கேட்கவில்லை. அதன் பிறகு நான் அந்த வீட்டில் தங்கியதே இல்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பெரியம்மா காலமானபோதுகூட, மாலை வைத்துக் கும்பிட்டுவிட்டு நாலு மணிப் பேருந்துக்குப் புறப்பட்டுவிட்டேன்.

இப்போது என் மகள் சுகாசினிக்குத் தை மாதத்தில் திருமணம். கூறைப்புடவை எடுக்க என் மனைவி சங்கீதாவும் மகளும் மறுநாள் வருவதாக ஏற்பாடு. முன்கூட்டியே போய் நல்ல கடையாக விசாரித்து வைக்கிறேன் என்று சொல்லி நான் ஒரு நாள் முன்பே கிளம்பினேன். அது உண்மைதான்; முழு உண்மை அன்று.

வாசலில் என்னை வரவேற்றவர் பிரவீனா. பக்கத்தில் இருக்கும் ஓரிக்கையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து வீட்டைக் கவனித்துக்கொள்ளும் இளம்பெண். நான் யார் என்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

"வாங்க சார். ஏசி ரிமோட்டு மேஜை மேல இருக்குது. வைஃபை நம்பரு கதவுக்குப் பின்னால ஒட்டி வெச்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணு சார், அந்த ஓட்டையில மட்டும் எதையும் போட்டுடாதீங்க."

"எந்த ஓட்டைங்கம்மா?"

"வாங்க, காட்டறேன். போன மாசம் ஒரு ஃபேமிலி வந்துச்சு. அவங்க பாப்பா வேர்க்கடலையாப் போட்டு ரொப்பிட்டா. எறும்ப வெரட்ட நாலு நாள் ஆச்சு."

முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருந்த சுவரைக் காட்டினார். தறி இருந்த முன்னறை அது. தறிக்குழியை மண் கொட்டி மூடி, மேலே பளபளக்கும் தரை போட்டிருந்தார்கள். சுவரில், என் முழங்கால் உயரத்தில், ஒரு துளை இருந்தது. இரண்டு விரல் நுழையலாம். அதன் வாயைச் சுற்றித் தடித்த பச்சைக் கண்ணாடி வளையம் ஒன்று சுண்ணாம்பில் பதிந்திருந்தது. உள்ளறைக்குப் போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கமும் அதே உயரத்தில் அதே போன்ற வளையம். குனிந்து பார்த்தால் தெருவாசல் வெளிச்சம் தெரிந்தது.

எனக்கு நினைவிருக்கும் வரையில் முன்னறையில் அந்தச் சுவரைத் தறி மறைத்திருக்கும். உள்ளறையில் இரும்புப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். துளை இருப்பதே எனக்குத் தெரியாது.

"இது என்னன்னு யாருக்குமே தெரியல சார்" என்று பிரவீனா ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். "வர்றவங்கள எழுதச் சொல்லியிருக்கேன். படிச்சுப் பாருங்க, சிரிப்பா இருக்கும்."

படித்தேன். பெங்களூருக்காரர் ஒருவர், தங்கம் ஒளித்து வைக்கும் இடம் என்று எழுதியிருந்தார். ஒருவர், வீட்டுக்குள் வந்துவிட்ட பாம்பு வெளியே போகும் வழி என்றார். சேலத்திலிருந்து வந்த பெண்மணி, "மாமியார் மருமகளை வேவு பார்க்க வைத்தது. ஆனால் மாமியார் மிகவும் குள்ளம்" என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்.

"ஓனரு ஒவ்வொண்ணுத்துக்கும் போர்டு வெக்கணுங்கறாரு. தெரியலன்னா 'பழங்காலக் காற்றுத் துளை'ன்னு எழுதிடுன்னாரு. முட்டிக்கு மட்டுமா சார் காத்து வேணும்?"

நான் சிரித்தேன். பிறகு, இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த உறவினர் ஒருவர் இருக்கிறார், அவரைக் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். அப்படிச் சொன்னபோது துளையைப் பற்றிய ஆர்வம் எனக்குப் பெரிதாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அலமு அக்காவை அந்த வீட்டுக்குள் வரவழைக்க எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அவர் வீட்டில் வைத்துப் பலமுறை பேச்சை ஆரம்பித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சாப்பாட்டைக் கொண்டு வந்து வைத்துவிடுவார்.

அக்கா இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அறுபது வயதிலும் கணவரோடு தறியில் உட்காருகிறார். போன் செய்ததும் கோபித்துக்கொண்டார்.

"இன்னாபா நீ, என் வீடு இருக்கசொல்ல வாடகை குடுத்து அங்க போயித் தங்கற? உங்க வாத்தியாருங்க புத்தியே தனிதான்."

"மன்னிச்சுக்கோக்கா. ஒரு தடவ வந்துட்டுப் போயேன்."

"அந்த வூட்டுக்கா?" என்றார். "வர்றேன். குழம்பு கொண்டாறேன். ஓட்டல்ல துன்னாத."

ஒரு மணி வாக்கில் தூக்குச்சட்டியோடு வந்தார். வாசற்படியில் நின்று, இடித்துக் கட்டியதையெல்லாம் கண்ணால் அளந்தார். வீட்டை விற்ற பிறகு அவர் உள்ளே வருவது அதுவே முதல் முறை. தரை வழுக்குகிறது என்றார். சமையலறை பொம்மை வீடு மாதிரி இருக்கிறது என்றார். பிரவீனா தேநீர் கொடுத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தோடு காத்திருந்தார்.

"அக்கா, இந்தத் துளை எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?"

அக்கா பார்த்தார். கையிலிருந்த டம்ளரைத் தரையில் வைத்தார்.

"கரண்டு ஒயருக்குப் போட்டதுபா."

"வீட்ட மாத்திக் கட்டின இஞ்சினியரும் அப்பிடித்தான்மா சொன்னாரு" என்று பிரவீனா ஏமாற்றத்தோடு நோட்டை மூடினார். "சரி, ஒயருன்னே எழுதிடறேன்."

அக்கா துளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல அதன் அருகில் போய் உட்கார்ந்து, சுண்டுவிரலைக் கண்ணாடி வளையத்துக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஒயருன்னு எழுதாதம்மா. பொய்யி அது" என்றார். "இது சோடா பாட்டிலு கழுத்து. கல்லுல கயிறு ஒரசி அந்துப்போவுதுன்னு எங்கப்பா ரெண்டு பாட்டில அறுத்துப் பதிச்சாரு. தொட்டில் கயிறு போற ஓட்டை இது."

அவர் விளக்கியது இதுதான். முன்னறை முழுவதும் தறியும் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவு நூலும் இருக்கும். குழந்தையைக் கிடத்த இடமில்லை. ஆகவே உள்ளறை உத்தரத்தில் மரத்தொட்டிலைத் தொங்கவிட்டு, அதில் கட்டிய கயிற்றைத் துளை வழியாகக் கொண்டுவந்து தறியின் அச்சுப் பலகையில் முடிந்துவிடுவார்கள். நெய்கிற ஒவ்வோர் இழையையும் நெருக்கி அடிப்பதற்கு நெசவாளர் அந்தப் பலகையைத் தம் பக்கம் இழுத்து விடுகிறார் அல்லவா? இழுக்கும்போது தொட்டில் இங்கே வரும். விடும்போது அங்கே போகும். தாய் நெய்துகொண்டே இருப்பார். பிள்ளை ஆடிக்கொண்டே இருக்கும்.

பிரவீனாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஐயோ ஆயா, சூப்பரு. இதப் போட்டா எல்லாரும் போட்டோ எடுப்பாங்க" என்று சொல்லி, உரிமையாளருக்குப் போன் செய்ய வாசலுக்கு ஓடினார்.

"ஆயாவாம்" என்றார் அக்கா. "அறுவதுதான் ஆவுது."

நாங்கள் இருவரும் தனியாக இருந்தோம். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் கேட்டது.

"அந்தத் தொட்டில்ல என்னையும் போட்டாங்களாக்கா?"

அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"சாப்புடுபா, ஆறிடும்."

"அக்கா, எனக்கு நாப்பத்தொம்பது வயசாயிடுச்சு. தயவுசெஞ்சு சொல்லு. என்னை ஏன் குடுத்துட்டாங்க?"

இத்தனை நேரடியாக நான் எவரிடமும் எதையும் கேட்டதில்லை. என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தொட்டில்ல ரெண்டு பேரு இருந்தீங்க."

நான் தூக்குச்சட்டியைத் தள்ளி வைத்தேன்.

"உன்கூட ஒரு பொண்ணு பொறந்துச்சு. சிவகாமி. உனக்குப் பத்து நிமிஷம் சின்னது. தலமாட்டுல ஒண்ணு, கால்மாட்டுல ஒண்ணுன்னு ஒரே தொட்டில்ல போட்டு அம்மா ஆட்டும். ஏழாம் மாசம் ரெண்டு பேருக்கும் ஜொரம். டாக்டரு குடுத்த மருந்த ஊத்திப் படுக்க வெச்சிருந்துச்சு. அன்னிக்குன்னு பாத்துப் பேட்டினி போட வேண்டிய நாளு."

பேட்டினி என்பது புடவையின் உடலையும் முந்தானையையும் இணைக்கும் இடம். பழைய நிறப் பாவோடு புது நிறப் பாவை இழை இழையாகச் சேர்த்து, சேர்க்கச் சேர்க்கப் பலகையை இழுத்து அடித்துக்கொண்டே போக வேண்டும். பாதியில் எழுந்தால் இழை குலைந்துவிடும்.

"எனக்குப் பதினோரு வயசு. அம்மா பக்கத்துல உக்காந்து சேலைக் கரைக்கு நூல் நாடா தள்ளிக்கினு இருந்தேன். அம்மாவுக்குக் கயிறு கையில பேசும்பா. எந்தப் புள்ள ஒதைக்குது, எது பொரளுதுன்னு பலகைய இழுக்கும்போதே சொல்லிடும். சேலையப் பாத்துக்கினே, 'பையன் முழிச்சுக்கினான்'ங்கும். போயிப் பாத்தா நீ முழிச்சுக்கினு இருப்ப. ஒருவாட்டிகூடத் தப்பினதில்ல. அன்னிக்கு நீ ஒருவாட்டி சிணுங்கின. நான் எழுந்தேன். 'உக்காருடி, ரெண்டு கனமும் இருக்குது, ரெண்டும் அசங்காம தூங்குது'ன்னுச்சு. உக்காந்துட்டேன். மூணு மணிக்கு இணைப்பு முடிஞ்சுது. பால் குடுக்கலாம்னு போச்சு."

அக்கா நிறுத்தினார். பக்கத்து வீட்டுத் தறியும் அந்த நேரம் பார்த்து நின்றது. நூல் அறுந்திருக்க வேண்டும்.

"நீ தூங்கிக்கினு இருந்த. சிவகாமி ஜில்லுனு இருந்துச்சு. எத்தினி நேரமா அம்மா அத ஆட்டிக்கினு இருந்துச்சோ."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ஜன்னி வந்திருக்கும், மடியிலயே வெச்சிருந்தாலும் போயிருக்கும்னாரு. அம்மா ஏத்துக்குமா? தன் கைதான் பொய் சொல்லிடுச்சுன்னு சொல்லிக்கினே இருக்கும். அப்புறம் உன்னத் தூங்க விடல. கண்ண மூடினா கிள்ளும். நீ வீல்னு அழுவ. அழுதாதான் அதுக்கு மூச்சு வரும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருவாட்டி. ராவும் பகலும். அப்பா அடிச்சுப் பாத்தாரு, கெஞ்சிப் பாத்தாரு. எல்லாத்துக்கும் தலையாட்டும், அப்புறம் கை தானாப் போவும். சித்தி ஆரணியிலேர்ந்து துக்கம் கேக்க வந்துச்சு. உன் தொடையெல்லாம் நீலமாக் கெடந்தத பாத்துச்சு. அன்னிக்கே தூக்கிக்கினு போயிடுச்சு. மூணு மாசம்னு சொல்லித்தான்."

"மூணு மாசமா?"

"மூணு மாசம் கழிச்சு அம்மா உன்னக் கூட்டியாறப் போச்சு. நானும் கூடப் போனேன். நீ சித்தி வூட்டுல பாயில தூங்கிக்கினு இருந்த. கொழுகொழுன்னு ஆயிருந்த. அம்மா உன் பக்கத்துல உக்காந்துச்சு. கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் கை போயிடுச்சு. நீ அலறின. சித்தி ஓடியாறதுக்குள்ள அம்மா எழுந்துட்டுது. 'அவன் இங்கயே தூங்கட்டும்'னுச்சு. தண்ணிகூடக் குடிக்கல. அடுத்த பஸ்ல வந்துட்டோம்."

பதினோரு வயதுக் கோடை மதியம் ஒன்றை நான் அக்காவிடம் சொன்னேன். சொல்ல நினைத்தது அதுவல்ல. ஆனால் அதுதான் வந்தது.

"தெரியும்" என்றார் அக்கா. "நீ ஊருக்குப் போனப்புறம் அம்மா ஒரு வாரம் தறியில உக்காரல. இத்தினி வருஷமாச்சு, சரியாயிடுச்சுன்னு நெனச்சுதான் உன்ன அனுப்பச் சொல்லிச்சு."

"யாராவது ஒருத்தர் எனக்குச் சொல்லியிருக்கலாம்க்கா."

"நீ ஒருவாட்டி அம்மாகிட்டயே கேட்டிருக்கலாம்."

"எப்படிக் கேக்கறது? வந்தா மூஞ்சி குடுத்தே பேசமாட்டாங்க."

"எப்பிடிப் பேசும்? நீ வந்துட்டுப் போனா நாலு நாள் தூங்காது." அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிச்சு. அவன் கூடப் பொறந்தது அவன் பக்கத்துலயே செத்துச்சுன்னு அவனுக்குத் தெரிய வேணாம், அத நெனச்சுக்கினு அவன் படுக்க வேணாம்னு. அதான் மாணிக்கமும் சொல்லல. இன்னிக்கு இந்தக் கண்ணாடியில வெரல வெச்சதும், என்னால முடியலபா."

நான் சோறு சாப்பிட்டேன். அக்கா எதிரில் உட்கார்ந்து குழம்பு ஊற்றினார். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. என்னை வேண்டாமென்று ஒதுக்கியவராக நான் நாற்பது ஆண்டுகள் நினைத்திருந்த ஒருவர், என் உறக்கம் கெடக் கூடாது என்பதற்காக என் பார்வையிலிருந்து ஒதுங்கி வாழ்ந்து, மாண்டும் போயிருக்கிறார். அவரிடம் சென்று சொல்வதற்கு இனி ஒரு வழியும் இல்லை. திருமணத்துக்கு முதல் நாளே குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று அக்காவைக் கேட்டுக்கொண்டேன். அவர் தூக்குச்சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு தறிக்குத் திரும்பினார்.

பிரவீனா மறுபடி வந்தார். "சார், ஓனருக்கு ரொம்ப சந்தோஷம். இப்பிடி எழுதட்டுமா பாருங்க: 'நெய்தபடியே தாய் தன் குழந்தையைத் தாலாட்டிய துளை.'"

"தொட்டில் கயிறு போகும் துளைன்னு மட்டும் எழுதுங்கம்மா. அது போதும்."

"கொஞ்சம் சப்புன்னு இருக்குதே சார்."

"இருக்கட்டுங்கம்மா."

விளக்கேற்றும் நேரத்தில் ஆரணியிலிருந்து அம்மா போன் செய்தார். அவருக்கு எழுபத்தாறு வயது. மதியத்திலிருந்து அவரிடம் கேட்பதற்கு நான் சொற்களை அடுக்கி வைத்திருந்தேன். மூன்று மாதம் என்று சொல்லித் தூக்கிவந்ததை ஏன் மறைத்தீர்கள்? பெரியம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று அழுதேனே, அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"சேலை பாத்தியாபா?"

"நாளைக்கு எல்லாரும் வந்தப்புறம்தான்மா. இன்னிக்குக் கடை மட்டும் விசாரிச்சேன்."

"எங்க தங்கிக்கினு இருக்க?"

நான் உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். "கோயில் பக்கத்துல ஒரு லாட்ஜும்மா."

"பிள்ளையார்பாளையம் பக்கம் போனியா?"

நான் வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "போனா அலமு எதனா சொல்லும். நெனச்சுப் பாத்துக்கினே இருக்கேன், நீ காஞ்சிபுரம் போறேன்னு சொன்னதுலேர்ந்து. நான் உன்ன யார்கிட்டேர்ந்தும் புடுங்கிக்கினு வரலபா. கேட்டிருந்தா குடுத்திருப்பேன். சத்தியமாக் குடுத்திருப்பேன்."

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா என்பது அவருக்கே தெரியுமா என்று நான் அறியேன். ஐம்பது ஆண்டுகளாக, வாசலில் ஆள் வரும்போதெல்லாம் அவர் அதைத் தமக்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

"யாரும்மா அப்படிச் சொன்னாங்க? நான் அந்தப் பக்கமே போகலம்மா."

"போகலையா?"

"போகலம்மா."

பிறகு, பேத்திக்கு அரக்கு நிறம் எடுப்பாயா, மாம்பழ நிறம் எடுப்பாயா என்று கேட்டார். சுகாசினி மாம்பழ நிறம் கேட்கிறாள் என்றேன்.

"அவளுக்கு அரக்குதான்பா எடுப்பா இருக்கும்."

"சரிம்மா" என்றேன். "அரக்கே எடுத்துடலாம்."